தவசீலன் முற்றத்து ரோஸ் துலிப்

தவசீலன் எனக்குப் பெறாமகன். அவனுடைய தாய் மனோன்மணியும் நானும் தமக்கை தங்கையின் பிள்ளைகள். தகப்பன் வழியில் போனால் இன்னொரு உறவும் வரும். அதைச் சொல்லத் தொடங்கினால் உரும்பிராயில் பாதிப் பேரை எழுப்பிக்கொண்டு வந்து இங்கே இருத்த வேண்டிவரும், அதனால் விடுவோம்.

பாரிசுக்கு வந்த புதிதில் அவன் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினான். பிறகு வெங்காயம் உரித்தான். பிறகு கறி கிண்டினான். கடைசியில் அந்தக் கடையின் பெரிய சமையற்காரனாகி, வெள்ளை உடுப்பும் போட்டுக்கொண்டான். இதற்கிடையில் தங்கைமாருக்கு ஒவ்வொன்றாகக் கலியாணம் முடித்து வைத்தான். இரண்டு பேர் கனடாவில், கடைக்குட்டி நாகேஸ்வரி இங்கே பாரிசுக்குப் பக்கத்தில் ஸ்தேனில். எல்லாம் முடிந்து தன்னைத் திரும்பிப் பார்த்தபோது அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, தலையில் நடு உச்சி வெளித்துவிட்டது.

அவனைப் பற்றி லா சப்பலில் எல்லோருக்கும் தெரிந்த விசயம் இன்னொன்று உண்டு. அவன் தொட்ட செடி பட்டுப்போகும். செம்மண்ணில் வெங்காயம் வைத்த பரம்பரை, தகப்பன் கை வைத்தால் கல்லும் முளைக்கும் என்பார்கள். மகன் வாங்கி வைத்த கறிவேப்பிலை ஒரு மாதத்தில் விறகானது. துளசி அதற்கு முதலே போனது. தண்ணீரில் வைத்தால் தானாக வளரும் என்று யாரோ கொடுத்த கொடியும் தண்ணீருக்குள்ளேயே செத்தது.

இப்படியிருந்த தவசீலனுக்கு 2011இல் நீளக்காற்சட்டைப் பைத்தியம் பிடித்தது.

சீலைக்கடை ஒன்றின் பின்னறையில் சேலைக்குச் சட்டை தைக்கிறவள் ரஜனி. காரைநகர்ப் பிள்ளை, தமையன் தர்மராசா குடும்பத்தோடு திரான்சியில் இருந்தாள், நாற்பத்துநான்கு வயது. முப்பத்தைந்து வயது வரைக்கும் சாதகக் கட்டோடு எத்தனையோ மாப்பிள்ளைமாரைப் பார்த்து அலுத்து, இனி ஒருவரும் பேச்சுக்கால் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிரிப்புக்காரி. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே சிரிப்பாள். ஒருநாள் தவசீலன் தன் சமையல் காற்சட்டையைக் கொஞ்சம் கட்டையாக்கித் தரச் சொல்லிக் கொண்டுபோனான். இடுப்பையும் பிடிக்க வேணும் என்று அவள் அளந்து பார்த்துவிட்டு, சமைக்கிறதை எல்லாம் மற்றவர்களுக்கே கொடுத்துவிடுவீர்களோ என்று கேட்டாளாம். அவ்வளவுதான் கேட்டாள்.

அடுத்த கிழமை அவன் இன்னொரு காற்சட்டை கொண்டுபோனான். அதற்கடுத்த கிழமை இன்னொன்று. தன்னுடையது முடிந்ததும் முதற் காற்சட்டையை இன்னும் கொஞ்சம் கட்டையாக்கக் கேட்டான். மாரி காலம் தொடங்கும்போது அவன் கணுக்கால் இரண்டும் காற்றில் நின்றன. பக்கத்து மீன்கடை அல்பிரட், பாசையூர்க்காரன், இவனுடைய சிநேகிதன், தன் காற்சட்டை ஒன்றைக் காணாமல் தேடினால், அதுவும் ரஜனியின் மேசையில் இருந்தது. பெரியம்மா, இவனுக்கு யாரையாவது பேசுங்கோ, இல்லாட்டி நான் சாரத்தோடைதான் மீன் வெட்ட வேணும் என்று அல்பிரட் என்னிடம் வந்து நின்றான்.

நான் தர்மராசாவிடம் போனேன். அவர் நல்ல மனிசன். தங்கச்சி ஓம் எண்டால் எனக்கும் ஓம், ஆனால் அவளிட்டை நான் கேக்கமாட்டன், ஏச்சு வாங்க ஏலாது என்றார். சரியென்று நானே சீலைக்கடைப் பின்னறைக்குப் போனேன். ரஜனி அப்போது ரோஸ் நிறத்தில் ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னேன். ஏச்சு விழவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

“அன்ரி, கறிவேப்பிலை வைச்சுச் சாக்காட்டினவர். துளசி வைச்சுச் சாக்காட்டினவர். என்னை மட்டும் உயிரோடை வைச்சிருப்பார் எண்டதுக்கு என்ன நிச்சயம்?”

கூடத் தைக்கிற பெண்கள் எல்லாம் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஏத்தம் கொடுத்தது. தைத்துக்கொண்டிருந்த துணியைத் தூக்கிக் காட்டினாள்.

“கார் து நோர் ஸ்ரேசன் வாசல் பூக்கடையிலை இந்த நிறத்திலை துலிப் வைச்சிருப்பாங்களெல்லோ. அது அவரின்ரை முற்றத்திலை, அவரின்ரை கையாலை பூக்கட்டும். பூத்தால் ஓம்.”

இல்லை என்பதைச் சிரிப்பாகச் சொன்னாள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும் விளங்கியது. ஆனால் தவசீலனிடம் போய்ச் சொன்னபோது அவன் அகப்பையைக் கீழே வைத்தான்.

“ஓம் எண்டு சொன்னவவோ?”

“பூத்தால் எண்டு சொன்னவ.”

“அது சரி பெரியம்மா. ஓம் எண்ட சொல்லு வாயாலை வந்ததோ?”

வந்தது என்றேன். அன்று கடையில் சாப்பிட்ட எல்லோருக்கும் கேட்காமலே ஒரு வடை கூட வந்தது.

அவனிடம் முற்றம் இருந்தது, அதுதான் அதிசயம். லா சப்பலில் முற்றம் என்பது யாருக்கும் கனவிலும் இல்லாத சாமான். இவன் இருந்த கட்டிடத்தின் நிலத்தளத்து வீட்டுக்குப் பின்கதவு உண்டு. அதைத் திறந்தால் இரண்டு பாய் விரிக்கிற அளவு மண், நாலு பக்கமும் உயர்ந்த மதில், மேலே ஒரு துண்டு வானம். அதுவரை அங்கே ஓர் உடைந்த கதிரையும் புறாக்களும்தான் இருந்தன.

ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்மானித்தோம். நாகேஸ்வரிக்கு விசயம் போகக்கூடாது. அவளிடம் ஒன்றைச் சொன்னால் இரவு கனடாவில் விளக்கு எரியும். பூக்காமல் போனால் அண்ணனுக்கு எவ்வளவு வெட்கம்.

ஆற்றங்கரையில் செடி விற்கிற கடைத்தெருவுக்கு அல்பிரட்டையும் இழுத்துக்கொண்டு போய்த் துலிப் கிழங்கு வாங்கி வந்தான். பையைப் பிரித்துப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மண்ணிறத் தோல், கூர் நுனி, கீழே வேர்க்குஞ்சம், அச்சு அசல் வெங்காயம். இது எங்கடை சாமான், இதைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றான். தகப்பன் வெங்காயம் வைத்த மாதிரியே வைத்தான். அந்த இரண்டு பாய் நிலத்தைக் கொத்திப் பாத்தி கட்டினான். வரம்பு போட்டான். நடுவில் வாய்க்காலும் வெட்டினான். விதைவெங்காயத்துக்குச் செய்வதுபோல் ஒவ்வொரு கிழங்கின் நுனியையும் கத்தியால் சீவினான். தலை வெளியே தெரிய, மேலாக மண்ணில் ஊன்றினான். பிறகு இறைக்கத் தொடங்கினான். காலையில் வேலைக்குப் போகமுன் ஓர் இறைப்பு, மத்தியானம் கடை மூடிய நேரத்தில் ஓடிவந்து ஓர் இறைப்பு. பாரிசு மழை ஒரு பக்கம், தவசீலன் வாளி ஒரு பக்கம். மார்கழியில் பின்கதவைத் திறந்தால் வாய்க்காலில் புறா குளித்துக்கொண்டிருந்தது.

வசந்தம் வந்தது, ஒன்றும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் கையில் கூழாக வந்தது.

அல்பிரட்தான் வழி சொன்னான். கார் து நோர் பூக்கடையில் பூத்த துலிப்பாக வாங்கி மண்ணில் குத்திவிடுவோம், அவள் வந்து பார்த்துவிட்டுப் போகும் வரைக்கும் நின்றால் போதும் என்றான். தவசீலன் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, “அவ தையற்காரி. ஒட்டுப் போட்டது எது, ஒண்டாய் வந்தது எது எண்டு பாத்த உடனை சொல்லுவா” என்றான்.

வெங்காயம் வைத்த கதையை நான் ரஜனிக்குச் சொன்னேன். வாய்க்கால் வரைக்கும்தான் கேட்டாள். அதற்குமேல் கேட்க முடியாமல் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நிமிர்ந்தபோது கண்ணீரைத் துடைத்தாள். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், இந்த வருசத்துக்குள்ளை எண்டு நான் ஒரு கெடுவும் வைக்கேல்லையே அன்ரி என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் இந்த வசனத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை என்று சொன்னவள் கெடுவைப் பற்றி ஏன் பேசவேண்டும்?

இரண்டாம் முறை, 2012 ஐப்பசி. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற போர்த்துக்கல்காரி ஒருத்தி இருந்தாள், வாளிக்காரன் என்றுதான் இவனுக்குப் பெயர் வைத்திருந்தாள். அவன் திரும்பவும் பாத்தி கட்டுவதைக் கண்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, மண்ணுக்குள் மணிக்கட்டு மறையும் வரைக்கும் கையை விட்டுக் காட்டினாள். அவ்வளவு ஆழம். நுனியைச் சீவக்கூடாது. தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடிவிட்டுப் போய் உன் வேலையைப் பார் என்றாள். எல்லாம் சரி, அந்தக் கடைசிச் சொல்தான் அவனுக்குக் கொடுமை. தோட்டக்காரன் மகனுக்கு நட்டதை இறைக்காமல் இருக்க ஏலுமோ? வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு யன்னலடியில் நிற்பான். விரதகாரன் வடைக்கடை வாசலில் நிற்பது போல இருக்கும். கடைசியில் அல்பிரட் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மீனுக்கு ஐஸ் போட வைத்துக்கொண்டான்.

தை மாதம் பனி கொட்டியது. அன்று ரஜனி எனக்கு ரெலிபோன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள், குளிரைப் பற்றிச் சொன்னாள், பிறகு மெல்ல, முற்றத்திலை வைச்சதை மூடி விட்டவரோ என்று கேட்டாள். அடுத்த நாள் கடையிலிருந்து ஒரு பெரிய பை நிறைய வெட்டுத்துண்டுத் துணிகள் வந்தன. தவசீலன் அவற்றை மண்ணின்மேல் பரப்பினான். பச்சையும் நீலமும் சரிகையுமாக அந்த முற்றம் கலியாண வீடு போலக் கிடந்தது. பனி அதன்மேல் விழுந்தது. அந்த மதிலுக்குள் நின்று அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் போர்த்துக்கல்காரி மேல்மாடிக்குக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னாள். நல்லதாகத்தான் இருக்கவேண்டும், மேல்மாடியிலும் சிரித்தார்கள்.

பங்குனியில் முளை வந்தது. பச்சை நாக்குப் போல, வரிசை வரிசையாக. அதற்குப் பிறகு லா சப்பலில் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. மரக்கறிக்கடைக்காரர் வந்து பார்த்தார். ரெலிபோன் காட் விற்கிற பெடியன்கள் வந்து பார்த்தார்கள். குழந்தை பார்க்க வருகிற மாதிரி பிஸ்கட் பெட்டியோடு ஒரு குடும்பம் வந்தது. எல்லாக் கண்ணும் படுகிறதே என்று தவசீலனுக்குப் பயம் பிடித்து, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் துலிப்புக்குச் சுற்றிக் கண்ணூறு கழித்து அடுப்பில் போட்டான். கட்டிடம் முழுக்க இருமியது. நெருப்பு வைத்துவிட்டான் வாளிக்காரன் என்று போர்த்துக்கல்காரி ஓடிவந்தாள்.

சித்திரை பிறக்க ஒரு கிழமைக்கு முன் மொட்டுப் பருத்தது. பச்சைக்குள்ளே ரோஸ் ஒரு கோடாக ஓடியது. பிறகு கோடு பரவியது. அதே நிறம், ரஜனி தூக்கிக் காட்டிய துணியின் நிறம். அவன் கடையில் எல்லாக் கறிக்கும் தேங்காய்ப்பாலை அள்ளி ஊற்றினான், ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. நான் திரான்சிக்குச் செய்தி சொன்னேன். வருசப்பிறப்பு அன்று கோயிலுக்கு வந்துவிட்டு, அப்படியே தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு தவசீலன் வீட்டில் பொங்கலும் மத்தியானச் சாப்பாடும் சாப்பிட வருவோம் என்றார் தர்மராசா. எதற்கு வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ரஜனி அந்த நாளுக்கு ஒரு சேலையை மூன்று தரம் மாற்றி எடுத்து வைத்ததாக அவளுடைய அண்ணி என் காதில் போட்டாள்.

வருசப்பிறப்பு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே நாகேஸ்வரி அண்ணனுக்குச் சமையலில் உதவி செய்ய ஸ்தேனிலிருந்து வந்து தங்கினாள். அவளுக்கு இன்னும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மகிழ்ச்சியான செய்தியாக மத்தியானம் சொல்லுவோம் என்றிருந்தோம்.

காலையில் தவசீலன் மருத்துநீர் வைத்து முழுகக் குளியலறைக்குப் போனான். தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. பஞ்சாங்கம் சொன்ன இலை பாரிசில் எங்கே கிடைக்கும், பூங்காவில் விழுந்து கிடந்ததை எடுத்து வைத்திருந்தான். அவனுக்கு முதலே முழுகிவிட்ட நாகேஸ்வரி, கோயிலுக்குப் போக வெளிக்கிட்டவள், பின்கதவைத் திறந்தாள். முற்றம் நிறைய ரோஸ் பூ.

ஊரில் வருசப்பிறப்புக் காலையில் பூ நிற்கிற முற்றத்தைக் கண்டால் என்ன செய்வார்கள்? கோயிலுக்குப் பூப் பிடுங்க யாரையும் கேட்கிற வழக்கமில்லை. அயல்வீட்டு வேலியிலேயே கேட்காமல் பிடுங்கலாம் என்றால், கூடப்பிறந்தவன் முற்றத்தில் என்ன கேள்வி? முறைப்படிதான் செய்தாள். செருப்பைக் கழற்றினாள், அந்தக் குளிர் மண்ணில். மணந்து பார்க்கவில்லை. காம்பு இல்லாமல், தலையை மட்டும், ஒன்று மிச்சம் விடாமல் தட்டில் அடுக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

நாங்கள் ஏற்கனவே கோயிலில் நின்றோம். தர்மராசா குடும்பமும் ரஜனியும் முன்னுக்கு, நான் தூணடியில். நாகேஸ்வரி தட்டோடு உள்ளே வந்தாள். அந்த நிறத்தைக் கண்டதும் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். நான் அவளை எட்டிப் பிடிக்க முன்னம் ஐயர் தட்டை வாங்கிவிட்டார். சுவாமிக்குக் கொடுத்த பூவைத் திருப்பிக் கேட்க ஏலுமோ? ஐயரும் புதுமையான பூ என்று சந்தோசப்பட்டு அம்பாளுக்குச் சாத்தினார். தீபம் காட்டி முடிந்ததும் பெண்களுக்குத் திருநீறும் குங்குமமும் ஆளுக்கொரு பூவும் கொடுத்தார். ரஜனி கையில் ஒன்று விழுந்தது. வருசத்து முதற் பூ, பிரசாதம். கண்ணில் ஒற்றிக் கொண்டையில் செருகினாள். கோழிமுட்டை அளவு துலிப், அவள் தலை அசையும்போதெல்லாம் தானும் ஓம் ஓம் என்று ஆடியது.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. தவசீலன். சாரத்துக்குமேல் பனிக்காலத்து யக்கெற், தலையெல்லாம் ஈரம், உச்சியில் அந்தப் பூங்கா இலை ஒட்டியபடி. அவனுக்குப் பின்னால் அல்பிரட். தெருவில் ஓடுகிறவனைக் கண்டு, ஏன் என்று தெரியாமலே கூட ஓடி வந்திருக்கிறான், மீன் கையுறையோடு. உள்ளே வரக் கூசி வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தான்.

“என்ன கோலம் அண்ணை இது” என்று நாகேஸ்வரி கையைப் பிடித்தாள். “சனத்துக்கு முன்னாலை.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. ரஜனியின் கொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நூறு சனம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“அது என்ரை” என்றான். மூச்சு வாங்கியது. “உங்கடை தலையிலை இருக்கிறது, நான் வைச்சது. இண்டைக்குக் காட்டத்தான் விட்டு வைச்சனான். இப்ப ஒண்டும் இல்லை, காம்புதான் நிக்குது.”

ரஜனி தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். பூவைத் தொட்டாள். நாகேஸ்வரியைப் பார்த்தாள், வெறும் தட்டைப் பார்த்தாள், அவனுடைய உச்சியில் இருந்த இலையைப் பார்த்தாள். வருகிற சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். அவள் கேட்டது முற்றத்தில் பூத்த பூ. இது கோயிலில் கண்ட பூ. இவள் இதைக் கணக்கில் எடுப்பாளோ, இன்னொரு வருசம் வாளியைத் தூக்கச் சொல்லுவாளோ?

“சுவாமிக்குத்தானே பிடுங்கினனான்” என்றாள் நாகேஸ்வரி, அழப்போகிற குரலில். “என்ன நடந்து போச்சு?”

“ஒண்டுமில்லை நாகேஸ்வரி,” என்றாள் ரஜனி. “நாங்கள் சாப்பிட வாறதாய்த்தானே இருந்தது. நடவுங்கோ போவம்.”

எல்லோரும் நடந்தோம். தவசீலன் சாரத்தோடு முன்னுக்கு, ரஜனி துலிப்போடு பின்னுக்கு, தர்மராசா குடும்பம், நான், நாகேஸ்வரி, அல்பிரட், பிறகு கூப்பிடாமல் வந்த பாதிக் கோயில். பொலிஸ் வாகனம் ஒன்று மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

முற்றத்தில் மொட்டைத் தண்டுகள் வரிசையாக நின்றன. ரஜனி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக் குந்தினாள். முதல் தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள், தையல் நூலை இழுத்துப் பார்ப்பது போல. அசையவில்லை. அடுத்ததை இழுத்தாள். அதுவும் அசையவில்லை. அந்த வரிசை முடியும் வரைக்கும் ஒன்றும் விடாமல் இழுத்துப் பார்த்தாள். கொண்டையிலிருந்த பூவைக் கழற்றி ஒரு தண்டின் முறிந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. திரும்பவும் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

தவசீலன் கதவடியில் நின்றான். அவள் அவனைத் தாண்டினாள். நேரே நாகேஸ்வரியிடம் போய், சின்னப்பிள்ளையைக் கண்டிப்பது போல விரலை நீட்டினாள்.

“அடுத்த வருசம் சுவாமிக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி. சரியோ மச்சாள்?”

நாகேஸ்வரிக்கு விளங்கவில்லை. பாதி போதாது, அம்பாளுக்கே அவ்வளவு வேணும் என்று வாதாடத் தொடங்கினாள். தர்மராசாவுக்கு விளங்கியது, அவர் யன்னல் விளிம்பில் அப்படியே குந்திவிட்டார். எனக்கு விளங்கியது. அறுபத்தெட்டு வருசமாக முறை சொல்லி வளர்ந்தவள் நான், ஒருத்தி ஒருவனுடைய தங்கையை எந்த நாளிலிருந்து மச்சாள் என்று கூப்பிடலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சனத்துக்குப் பின்னால் நின்ற அல்பிரட், என்னவாம், என்னவாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். தவசீலன் குசினிக்குள் ஓடிவிட்டான். பொங்கலுக்குச் சர்க்கரை போட்டான், போட்டது மறந்து பிறகும் போட்டான். பாதிக் கோயிலும் நின்றபடியே அதை வழித்துத் தின்றது. நாகேஸ்வரி மட்டும் தின்னவில்லை, கடைசியில் விசயம் விளங்கி, ரெலிபோனோடு பின்கதவடியில் நின்று கனடாவை எழுப்பிக்கொண்டிருந்தாள்.